வாசல் ஒன்று போதும், பெட்டி ஒன்றாக வேண்டாம்!

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்தில் பாட்டு கேட்பார்கள், போட்டோ பார்ப்பார்கள், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுடன் வீடியோவில் பேசுவார்கள். உண்மையான வேலை இரண்டாவது மாதத்தில்தான் ஆரம்பிக்கிறது. மின் கட்டணம் கட்ட ஒரு இணையதளம், வருமானச் சான்றிதழுக்கு ஒரு இணையதளம், பாஸ்போர்ட்டுக்கு ஒன்று, வருமான வரிக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு யூசர் நேம், ஒரு பாஸ்வேர்ட். ஆறு மாதத்தில் தினசரி காலண்டர் அட்டையின் பின்பக்கம் முழுக்க பாஸ்வேர்டுகளாக இருக்கும்.

“இதையெல்லாம் ஒரே இணையதளமாகப் போட்டுவிட்டால் என்ன?” என்று அப்போது தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால் ‘ஒரே இணையதளம்’ என்பதற்கு இரண்டு அர்த்தங்கள் உண்டு. நாம் உள்ளே நுழையும் வாசல் ஒன்றாக இருக்கலாம். அல்லது நம்முடைய தகவல்கள் எல்லாம் போய்ச் சேரும் பெட்டி ஒன்றாக இருக்கலாம். இரண்டும் ஒன்றல்ல. முதலாவது நமக்குத் தேவை. இரண்டாவது ஆபத்து. இதுதான் என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

பெரியம்மா கேட்ட கேள்வி

லாஸ்பேட்டையில் ஹெலிபேட் மைதானத்துக்குப் பக்கத்தில் என் பெரியம்மா வீடு. பெரியப்பா இறந்த பிறகு குடும்ப ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. புதுச்சேரிக்காரர்களுக்கு மட்டுமே புரியும் ஒரு சிக்கல் அங்கே முளைத்தது. பெரியம்மாவின் பழைய ஆவணங்களில் பெயர் பிரெஞ்சு முறையில் எழுதப்பட்டிருந்தது. ஆங்கிலத்தில் ‘யூ’ என்று ஓர் எழுத்தில் முடியும் ஓசையை பிரெஞ்சு முறையில் ‘ஓ’, ‘யூ’ என்று இரண்டு எழுத்தாக எழுதுவார்கள். ‘ஜே’ போட வேண்டிய இடத்தில் முன்னால் ஒரு ‘டி’யும் சேரும். தமிழில் ஒரே பெயர்தான். கம்ப்யூட்டருக்கோ இரண்டு வேறு மனுஷிகள்!

ஓர் அலுவலகத்தில் அலைந்து பெயரைத் திருத்தினோம். திருத்திய சான்றிதழும் கைக்கு வந்தது. இன்னொரு அலுவலகத்துக்குப் போனால் அங்கே திரையில் பழைய பெயரே நிற்கிறது. “எங்கள் கம்ப்யூட்டரில் இப்படித்தான் இருக்கிறது” என்றார் அங்கிருந்தவர். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர்களுடைய கம்ப்யூட்டர், முதல் அலுவலகத்தின் தகவலை என்றோ ஒரு நாள் நகல் எடுத்து வைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு நடந்த திருத்தம் அதற்குத் தெரியாது. நான்கு மாதம் காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்தோம்.

ஒரு நாள் ஆட்டோவில் திரும்பும்போது பெரியம்மா கேட்டார்: “ஏம்ப்பா, ரெண்டும் கவர்மெண்டு ஆபீஸ்தானே? ஒருத்தர்கிட்ட இன்னொருத்தர் ஒரு வார்த்தை கேட்டுக்க மாட்டாங்களா?”

நான் இன்ஜினீயரிங் படித்தவன். பெரிய நிறுவனங்களுக்கு போர்ட்டல், அதாவது பல பிரிவுகளின் வேலைகளை ஒரே இடத்தில் காட்டும் நுழைவாயில் தளம், அமைப்பதுதான் என் தொழில். எத்தனையோ மீட்டிங்குகளில் உட்கார்ந்திருக்கிறேன். இந்தத் துறையின் மொத்தப் பிரச்சனையையும் இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நகல் எடுத்து வைத்துக்கொள்வதா, தேவைப்படும்போது கேட்டுக்கொள்வதா? விஷயம் அவ்வளவுதான்.

மூன்று வழிகள்

பல அலுவலகங்கள், அல்லது ஒரு நிறுவனத்தின் பல கிளைகள், சேர்ந்து ஒரு போர்ட்டல் அமைக்க வேண்டும் என்றால் அவர்கள் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, பெயர்ப்பலகை. ஒரே பக்கத்தில் எல்லா அலுவலகங்களின் இணையதள முகவரிகளையும் வரிசையாகக் கொடுத்துவிடுவது. கிளிக் செய்தால் அந்தந்தத் தளத்துக்குப் போகலாம். அங்கே போய் மறுபடியும் தனி லாகின். 2005 நவம்பரில் தொடங்கப்பட்ட இந்திய தேசிய போர்ட்டல் பெரும்பாலும் இந்த வேலையைத்தான் செய்தது. எந்தத் துறை எங்கே இருக்கிறது என்றே தெரியாத காலத்தில் அது பெரிய உதவி. ஆனால் பெயர்ப்பலகை வழி காட்டுமே தவிர, நமக்காக உள்ளே போய் வேலையை முடித்துத் தராது.

இரண்டாவது வழி, ஒரே பெட்டி. எல்லாத் துறைகளின் தகவல்களையும் ஒரே டேட்டாபேஸில் கொட்டிவிடுவது. அல்லது தினமும் இரவில் நகல் எடுத்து ஒரு மைய சர்வரில் சேர்ப்பது.

மூன்றாவது வழியை எங்கள் தொழிலில் ‘பெடரேட்டட்’ என்பார்கள். தமிழில் கூட்டாட்சி முறை எனலாம். வாசல் ஒன்று, லாகின் ஒன்று. ஆனால் தகவல் அதற்கு உரியவரிடமே இருக்கும். நீங்கள் கேட்கும் நேரத்தில் போர்ட்டல் போய் அவரிடம் கேட்டு வாங்கி உங்களிடம் காட்டும்.

இது புதிய யோசனை அல்ல. ஓர் அலுவலகத்தின் தகவலை இன்னோர் அலுவலகத்தின் பக்கத்தில் சிறு ஜன்னலாகக் காட்டுவதற்கு ‘போர்ட்லெட்’ என்று பெயர் வைத்து, அதற்கான பொது விதிமுறையை 2003ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார்கள். இன்று அதே வேலையை ‘ஏபிஐ’ என்ற முறையில் செய்கிறார்கள். கருவி மாறியிருக்கிறது. தத்துவம் மாறவில்லை.

நம்பர் பிளேட்டைப் பாருங்கள்

கூட்டாட்சி முறை எப்படி வேலை செய்கிறது என்று புரிய, புதுச்சேரியை விட நல்ல உதாரணம் கிடையாது. நம் யூனியன் பிரதேசம் ஒன்றுதான். ஆனால் நான்கு துண்டுகள். புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுக் கரையில். மாஹே கேரளக் கரையில், பேச்சு மலையாளம். ஏனாம் ஆந்திராவில் காக்கிநாடா பக்கம், பேச்சு தெலுங்கு.

இந்த ஊர்களின் வண்டி நம்பர்களைக் கவனியுங்கள். எல்லாமே ‘பி.ஒய்.’ என்றுதான் ஆரம்பிக்கும். அடுத்து 01 என்றால் புதுச்சேரி, 02 என்றால் காரைக்கால், 03 மாஹே, 04 ஏனாம். மாஹேவில் ஒருவர் ஸ்கூட்டர் வாங்கினால் அந்த நம்பரைக் கொடுக்க புதுச்சேரியைக் கேட்க வேண்டியதில்லை. அதே நேரம் அந்த நம்பர் வேறு எந்த வண்டியுடனும் மோதாது. நம்பரைப் பார்த்த உடனே யாரிடம் விசாரிக்க வேண்டும் என்றும் தெரிந்துவிடுகிறது. பொது விதி ஒன்று, பொறுப்பு அவரவருடையது.

2015 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய டிஜிலாக்கர் ஏறக்குறைய இப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. அதில் உங்கள் டிரைவிங் லைசென்ஸை எடுத்தால், அந்தத் தகவல் போக்குவரத்துத் துறையின் பதிவிலிருந்து வருகிறது. டிஜிலாக்கர் வைத்திருப்பது அந்த ஆவணத்தின் முகவரியை. அந்த முகவரியில் மூன்று பகுதிகள் உண்டு. வழங்கியவர் யார், என்ன வகை ஆவணம், அதன் எண் என்ன. நம்பர் பிளேட் மாதிரியேதான்! இப்படி வழங்கியவரிடமிருந்தே நேராக வரும் ஆவணம் அசலுக்குச் சமம் என்று 2017ல் திருத்தப்பட்ட தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்கின்றன.

ஏன், நாம் தினமும் டைப் செய்யும் இணையதள முகவரிகளே இந்த முறையில்தான் இயங்குகின்றன. ஆரம்ப காலத்தில் நெட்வொர்க்கில் இருந்த எல்லா கம்ப்யூட்டர்களின் பெயர்களும் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நிறுவனம் பராமரித்த ஒரே பைலில் இருந்தன. எல்லோரும் அதை நகல் எடுத்து வைத்துக்கொண்டார்கள். கம்ப்யூட்டர்கள் பெருகியதும் அது தாங்கவில்லை. 1983ல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் டி.என்.எஸ். முறையை வடிவமைத்தார். ஒவ்வொரு பெயருக்கும் அதற்கு உரியவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் முறை அது. இன்டர்நெட் இவ்வளவு பெரிதாக வளர முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரே பெட்டியில் என்ன தவறு?

“ஒரே பெட்டியில் இருந்தால் வேகமாக இருக்குமே” என்பார்கள். உண்மைதான். ஆனால் பெட்டிக்கு ஏதாவது ஆனால்?

2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகரில் உள்ள அரசு டேட்டா சென்டரில் பேட்டரிகள் தீப்பிடித்தன. 600க்கும் அதிகமான அரசு சேவைகள் நின்றுபோயின. அரசு ஊழியர்கள் தங்கள் பைல்களைச் சேமித்து வைத்திருந்த ‘ஜி-டிரைவ்’ எரிந்தது. அதில் இருந்தது 858 டெராபைட். உங்கள் கம்ப்யூட்டரில் 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க் இருந்தால், அதைப் போல 858 ஹார்ட் டிஸ்க். வெளியில் வேறு எங்கும் அதற்கு பேக்கப் இல்லை. உலகின் முன்னணி தொழில்நுட்ப நாடுகளில் ஒன்றில் இப்படி நடந்தது. பேக்கப் எடுக்காததுதான் முதல் தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாம் ஒரே கட்டடத்தில் இல்லாமல் இருந்திருந்தால், ஒரு தீயில் இவ்வளவு சேவைகள் ஒன்றாக நின்றிருக்காது.

இரண்டாவது தவறு, என் பெரியம்மாவுக்கு நடந்தது. நகல் என்பது எடுத்த நிமிடத்திலிருந்தே பழசாக ஆரம்பிக்கிறது. என் தொழிலிலும் இதைப் பார்த்திருக்கிறேன். ஐந்து கிளைகள் கொண்ட ஒரு நிறுவனம், ஊழியர் பட்டியலை ஒவ்வொரு கிளையின் சர்வரிலும் நகல் எடுத்து வைத்திருந்தது. வேலையை விட்டுப் போன ஒருவரின் பெயரைத் தலைமை அலுவலகத்தில் நீக்கிவிட்டார்கள். இரண்டு கிளைகளின் சர்வர்களில் அவருடைய லாகின் பல வாரங்கள் உயிரோடு இருந்தது! நல்லவேளை, அவர் நல்ல மனிதர். அவரே போன் செய்து சொன்னார்.

மூன்றாவது தவறு, பொறுப்பு. எல்லோருடைய தகவலும் இருக்கும் பெட்டியில் தப்பு வந்தால் யார் பொறுப்பு? கொடுத்தவர் “பெட்டிக்காரரைக் கேளுங்கள்” என்பார். பெட்டிக்காரர் “கொடுத்தவரைக் கேளுங்கள்” என்பார். நாம் நடுவில் நிற்போம்.

எஸ்டோனியா செய்தது

வட ஐரோப்பாவில் எஸ்டோனியா என்று ஒரு குட்டி நாடு இருக்கிறது. மக்கள் தொகை 13 லட்சத்தைச் சுற்றித்தான், கிட்டத்தட்ட நம் புதுச்சேரி அளவு. 2001ல் அவர்கள் ‘எக்ஸ்-ரோடு’ என்ற ஏற்பாட்டைத் தொடங்கினார்கள. ஒவ்வொரு துறையும் தன் தகவலைத் தானே வைத்துக்கொள்ளும். மற்ற துறைகள் எக்ஸ்-ரோடு வழியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மக்களிடம் ஒரு முறை கேட்ட தகவலை இன்னொரு துறை மறுபடியும் கேட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது கொள்கை. என் தகவலை யார் எப்போது பார்த்தார்கள் என்று அங்குள்ளவர்கள் போர்ட்டலில் தாங்களே பார்க்க முடியும். எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கடைசி வசதிதான்.

அங்கேயும் சிக்கல் வந்தது. 2017ல் அவர்களின் அடையாள அட்டையில் இருந்த சிப்பில் ஒரு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. ஏறக்குறைய 7.5 லட்சம் அட்டைகள் பாதிக்கப்பட்டன. நவம்பரில் அவற்றின் டிஜிட்டல் சான்றுகளை நிறுத்தி வைத்து, புதுப்பித்த பிறகே பயன்படுத்தச் சொன்னார்கள். தகவல் ஒரே இடத்தில் இல்லாவிட்டாலும் சாவி ஒன்றாக இருந்தால் அதிலும் ஆபத்து உண்டு என்பது இதில் உள்ள பாடம்.

கூட்டாட்சி முறையின் குறைகள்

என் நண்பர்கள் சிலர் என்னோடு ஒத்துப்போவதில்லை. அவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஒவ்வொரு முறையும் போய்க் கேட்டு வாங்குவதால் நேரம் அதிகமாகும். கொடுக்க வேண்டிய அலுவலகத்தின் சர்வர் தூங்கிவிட்டால் பதில் வராது. பத்து அலுவலகங்கள் சேர்ந்து ஒரு விதிமுறைக்கு ஒப்புக்கொள்வது பத்து பங்காளிகள் ஒரு சொத்தைப் பிரிப்பது போன்ற வேலை.

பெயர் விஷயமே போதும். நம் ஊரின் பெயர் 2006ல்தான் அதிகாரப்பூர்வமாகப் பாண்டிச்சேரியிலிருந்து புதுச்சேரி ஆனது. ஒரு தளத்தில் பழைய பெயர், இன்னொன்றில் புதிய பெயர் என்றால் இரண்டும் ஒன்று என்று கம்ப்யூட்டருக்கு யார் சொல்வது? அதனால்தான் பெயருக்குப் பதில் எண்ணை வைப்பார்கள். ஜிஎஸ்டி பதிவு எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் 34 என்றால் புதுச்சேரி, 33 என்றால் தமிழ்நாடு. கடைக்காரர் கொடுக்கும் பில்லில் பாருங்கள். பெயர் மாறலாம், எண் மாறாது. இப்படிப்பட்ட பொது எண்களை முதலில் முடிவு செய்யாமல் கூட்டாட்சி போர்ட்டல் கட்டினால், பெரியம்மாவின் கதைதான் வேகமாக நடக்கும்.

எல்லா இடத்துக்கும் கூட்டாட்சி முறைதான் சரி என்றும் நான் சொல்லவில்லை. ஒரு பள்ளிக்கூடம், ஒரு மருந்துக்கடை, ஒரு சின்ன கம்பெனி என்றால் ஒரே டேட்டாபேஸும் ஒழுங்கான பேக்கப்பும் போதும். தகவலுக்கு ஒருவர்தான் உரிமையாளர் என்றால் பெட்டி ஒன்றாக இருக்கலாம். உரிமையாளர்கள் பலர் என்றால் கூடாது. என் அளவுகோல் இவ்வளவுதான்.

நான்கு நிபந்தனைகள்

எந்த அரசும் நிறுவனமும் “எல்லாம் ஒரே போர்ட்டலில்” என்று அறிவித்தால், நான் இந்த நான்கையும் கேட்பேன்.

1. ஒவ்வொரு தகவலுக்கும் உரிமையாளர் யார்? பெயர் தப்பாக இருந்தால் எங்கே போய்த் திருத்துவது என்று அந்தத் திரையிலேயே எழுதியிருக்க வேண்டும்.

2. ஓர் அலுவலகத்தின் சர்வர் நின்றால் என்ன ஆகும்? “இந்தத் தகவல் இப்போது கிடைக்கவில்லை” என்று அந்தப் பகுதியில் மட்டும் வர வேண்டும். மொத்தப் பக்கமும் வெள்ளையாக நிற்கக் கூடாது.

3. என் தகவலை யார் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியுமா? எஸ்டோனியாவில் தெரிகிறது. இங்கேயும் தெரிய வேண்டும்.

4. லாகின் தொலைந்தால் மாற்று வழி என்ன? போன் தொலைந்துபோன வயதானவருக்கு ஒரு கவுன்டரும், அதன் பின்னால் ஒரு மனிதரும் இருக்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது

டிஜிலாக்கரில் ‘இஷ்யூட்’ என்ற பிரிவில் வருவதற்கும், நீங்களே ஸ்கேன் செய்து ஏற்றுவதற்கும் வித்தியாசம் உண்டு. முதலாவதுதான் அசலுக்குச் சமம். இரண்டாவது வெறும் போட்டோ.

தப்பு இருந்தால், அதைக் காட்டும் தளத்தில் சண்டை போடாதீர்கள். வழங்கிய அலுவலகத்தில் திருத்திவிட்டு, மறுபடியும் எடுத்துப் பாருங்கள்.

ஒரே லாகினில் பல வாசல்கள் திறக்கும் என்றால், அந்த ஒரு பாஸ்வேர்டை வேறு எங்கும் பயன்படுத்தாதீர்கள். காலண்டர் அட்டையிலும் எழுதாதீர்கள்! அதில் பதிந்துள்ள மொபைல் எண் மாறினால் உடனே புதுப்பியுங்கள். ஓ.டி.பி. எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். முகவரி ‘டாட் ஜிஓவி டாட் இன்’ அல்லது ‘டாட் என்ஐசி டாட் இன்’ என்று முடிகிறதா என்று பார்த்த பிறகே அரசுத் தளத்தில் தகவல் கொடுங்கள்.

பெரியம்மாவுக்கு ஓய்வூதியம் வந்துவிட்டது. போன பொங்கலுக்குப் போனபோது அவருக்கு ஒரு லேப்டாப்பில் டிஜிலாக்கர் கணக்கு திறந்து கொடுத்தேன். திருத்திய பெயரோடு ஓர் ஆவணம் திரையில் வந்து நின்றது. கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு நெடுநேரம் பார்த்தார். “இப்பதான் கேட்டுக்கிட்டாங்க போல” என்றார்.

கேட்டுக்கொள்ளத் தெரிந்த போர்ட்டல்கள் நமக்குப் போதும். நம் எல்லோரையும் வாரிப் பூட்டி வைக்கும் பெட்டி வேண்டாம்.